ஐம்பது நிமிடத்தில் பெங்களூர்

1

இந்தக் கதை எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் கிடைத்தது. பக்கத்தில் நின்றவர், "மெட்ராஸ்லேந்து பெங்களூருக்குப் பிளேன்ல எவ்ளோ நேரம் சார்?" என்று கேட்டார். முன்னூறு கிலோமீட்டருக்குள்தான், ஐம்பது நிமிடம் என்றேன்.

"எனக்குப் பதிமூணு மணி நேரம் ஆச்சு," என்றார். அவருக்கு வரதன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பனிமூட்டத்தின் நடுவே நீலவானத்தைக் கிழித்துக்கொண்டு அந்த வெள்ளிப் பறவை...'

பனிமூட்டத்தில் ஏது நீலவானம்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'வரதனுக்கு ஒரு தங்கை.' இது பரவாயில்லை.

1989 டிசம்பர். சேக்காட்டு வரதன் ஆவடி பாக்டரியில் லேத் ஓட்டுபவன். பெங்களூரில் இருக்கும் தங்கை பத்மாவின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன்களோ இரண்டு பேர்: வரதனும், பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் லோகநாதனும். இரண்டு மாதம் நடந்த சண்டையில் வெறுத்துப்போன பத்மா கடிதம் போட்டாள். காதுகுத்துக்கு முந்தின நாள் யார் முதலில் வாசற்படி மிதிக்கிறார்களோ, அவர் மடி.

லோகநாதன் காலை ஐந்து மணி பஸ் என்றார். வரதன் சத்தமில்லாமல் விமானச் சீட்டு எடுத்தான். சேக்காடு முழுக்கத் தெரிந்துபோனது.

(லோகநாதனை வில்லனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.)

3

ஆறரைக்கு விமானம் கிளம்பியது. ஐம்பதாவது நிமிடம் வரதன் பெங்களூருக்கு மேலே இருந்தான். கீழேதான் பெங்களூரைக் காணோம். ஒரே பனி. விமானம் சுற்றியது, மறுபடி சுற்றியது. பிறகு மெட்ராசுக்கே திரும்புவதாக அறிவித்தார்கள்.

"இங்கியே எறக்கி உட்டா நடந்து பூடுவேன்னு சொல்லு சார்," என்று வரதன் பக்கத்து இருக்கைக்காரரைக் கெஞ்சினான்.

4

ஒன்பது மணிக்கு, அறுநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் பறந்து, அவன் புறப்பட்ட மீனம்பாக்கத்துக்கே வந்து சேர்ந்தான். வெளியே லோகநாதன் வேர்க்கடலை தின்றபடி, விமான வேடிக்கை இன்னும் தீராமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, அதுக்குள்ள போய்ட்டு வந்துட்டியா?"

"வந்துட்டேன். போவல." வரதன் பனிக் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டான்: "நீ இன்னா இங்க கீற? அஞ்சு மணி பஸ்ஸு?"

லோகநாதன் கையிலிருந்த கடலைத்தோலை ஊதினார். "நம்ம ஊட்லேந்து மொத மொதல்ல ஒருத்தன் மேல போறான். பாக்காம எப்டிடா பஸ் ஏறுறது? ஏர்போர்ட் மாடியில நின்னுகினு துண்டை ஆட்னேனே, பாத்தியா?"

வரதன் உட்கார்ந்திருந்த ஜன்னலில் இறக்கையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"பாத்தேண்ணே," என்றான். "நல்லாத் தெரிஞ்சுது."

5

பூந்தமல்லியில் இருவரும் ஒரே பஸ் ஏறினார்கள். வேலூர் தாண்டியதும் அண்ணன் தம்பியின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். சாயங்காலம் பத்மாவின் வீட்டு வாசல். ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய குறுகல் வாசல்.

முடிவு அ: அண்ணன் விட்டுக்கொடுக்கிறார், தம்பி அழுகிறான், நானும்... வேண்டாம்.

முடிவு ஆ: இரண்டு காது, இரண்டு மடி. இதை நீங்கள் இரண்டாம் பகுதியிலேயே யோசித்துவிட்டீர்கள், தெரியும். பத்மா ஒப்பவில்லை. "கொழந்தை இன்னா பந்தா, தூக்கிப் போட்டு வெளையாட?"

ஆகவே அவர்களை வாசலிலேயே விட்டுவைத்திருக்கிறேன். இரண்டு மாதம் 'என் மடிதான்' என்று கத்தியவர்கள் இப்போது "நீ போண்ணே", "நீ போடா" என்று அரைமணி நேரமாக நிற்கிறார்கள். எவனும் படி ஏறுவதாயில்லை.

உள்ளேயிருந்து பத்மா கேட்கிறாள்: "யாரு மொதல்ல வந்தது?"

என்னைப் பார்க்காதீர்கள். உங்களைத்தான் கேட்கிறாள்.