பெருநாள் சுவர்

2025 ஜனவரி பத்தாம் தேதி சிங்கப்பூரில் தொடங்கிய மழை நான்கு நாட்கள் நீடித்தது. குவீன்ஸ்டவுனில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், அப்துல் கஃபார் வீட்டு ஹாலின் வெளிச்சுவரில் ஈரம் இறங்கியது. மாதக் கடைசியில் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

முதலில் அதைப் பார்த்தது அவர் மனைவி ஆயிஷா. அலமாரிக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டித்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. பகலில் பாதி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். பிப்ரவரியில் அவளுக்கு இருமல் கண்டது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தது. பாலிகிளினிக்கில் டாக்டர் மருந்து எழுதும் முன் வீட்டைப் பற்றி விசாரித்தார். பூஞ்சை போகும்வரை அங்கே இருக்க வேண்டாம் என்றார். மகள் ஃபர்சானா அன்றைக்கே அம்மாவை ஈசூனிலிருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"சுவரு சரியாகட்டும் அத்தா. அதுவரைக்கும் அம்மா இங்கதான்" என்றாள் போனில்.

"பெருநாளைக்கு?"

"சரியானா வருவாங்க. இல்லாட்டி நீங்க இங்க வந்துடுங்க."

பெருநாளன்று ஆயிஷா இன்னொரு வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதை கஃபாரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர்களுடைய பெருநாளே அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்கும்.

கஃபார் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். நோன்பு மாதம் நெருங்கும்போது, கடையில் விழும் வெட்டுத்துண்டுகளில் நல்ல நிறமாக நாலைந்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வருவார். ஆயிஷா அவற்றை ஒவ்வொன்றாகச் சுவரில் வைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, அணைத்துப் பார்த்து, ஒன்றை எடுப்பாள். அந்தத் துண்டோடு அவர் ஜாலான் புசார் பக்கம் பெயிண்ட் கடைக்குப் போவார். அதே நிறத்தைக் கலந்து தரும்வரை கடைக்காரரை விடமாட்டார். அதே துணியில் ஜன்னலுக்குத் திரை தைப்பது ஆயிஷாவின் வேலை. பெருநாளன்று வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பார்கள். கடையில் அவரோடு வேலை பார்த்த பரமசிவம், வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே, "கஃபாரு, இந்த வருஷம் என்ன கலரு?" என்று கேட்பார்.

கடை மூடிய பிறகு துண்டுகள் ஆயிஷாவின் தையல் பையிலிருந்து வந்தன. வழக்கம் நிற்கவில்லை. துடைத்தால் பளிச்சென்று இருக்கும் என்று எப்போதும் ஆயில் பெயிண்ட்தான் அடிப்பார்கள். பழைய பூச்சைச் சுரண்டியதே இல்லை. போன வருஷத்து நிறத்தின் மேல் இந்த வருஷத்து நிறம் ஏறும்.

ஆகவே சுவர் கறுத்ததும் கஃபாருக்குத் தோன்றிய வைத்தியம் ஒன்றுதான். பிளீச் ஊற்றிக் கழுவினார். மின்விசிறியைத் திருப்பி வைத்துக் காயவிட்டார். துணித்துண்டுகளை எடுத்துக்கொண்டு ரயிலேறி ஈசூனுக்குப் போனார்.

ஆயிஷா கட்டிலில் சாய்ந்தபடி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது போன வருஷக் கலருல்ல?" என்றார்.

"போன வருஷம் சந்தனம். இது வெண்ணெய்."

"எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் தெரியுது."

"அத்தனை வருஷம் துணிக்கடையில என்னதான் பாத்தீங்க?"

"உன்ன மாதிரி வர்ற கஸ்டமர."

இரண்டு கோட்டு அடித்தார். சுவர் புதிதாகிவிட்டது. நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் ஆயிஷா வீடு திரும்பினாள். வெண்ணெய் நிறத் துணியை மெஷினில் ஏற்றித் திரையும் தைத்து முடித்தாள். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் அலமாரி ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் போல் உப்பியது. கஃபார் விரலால் அழுத்தினார். கறுப்பாகத் தண்ணீர் கசிந்தது. அன்று பிற்பகல் ஆயிஷாவுக்கு இரைப்பு அதிகமாகி, ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

ஃபர்சானா வேலையிடத்திலிருந்து நேராக வந்தாள். அம்மாவின் பையைக் கட்டிவிட்டு, வாசலில் நின்று சொன்னாள்:

"அத்தா, நீங்க சுவர சரி பண்ணல. மூடி வச்சீங்க."

கஃபார் பையை லிஃப்ட் வரை தூக்கிக்கொண்டு போனார். அன்று பள்ளிவாசலில் கொடுத்த கஞ்சியைத் தனியாக உட்கார்ந்து குடித்து நோன்பு திறந்தார்.

அடுத்த வாரம், பூஞ்சை அகற்றும் ஒரு கம்பெனியிலிருந்து சுஷ்மிதா என்ற பெண்ணும் இன்னொருவரும் வந்தார்கள். ஃபர்சானா ஏற்பாடு செய்தது. மழைத்தண்ணீர் இறங்கிய வெளிப்பக்க விரிசலை அதற்கு முன்பே ஆள் வைத்து அடைத்திருந்தார்கள். சுஷ்மிதா அலமாரியை நகர்த்தச் சொல்லி, கையடக்க மீட்டரைச் சுவரில் வைத்தாள்.

"ஃபுல்லா ஈரம் அங்கிள். பெயிண்ட் மொத்தமும் எடுக்கணும். எத்தனை கோட்டு இருக்கு?"

"வருஷத்துக்கு ஒன்னு. சில வருஷம் ரெண்டு."

"எத்தனை வருஷமா?"

"இந்த வீட்டுச் சாவி வாங்கின வருஷத்துல இருந்து."

அவள் சுவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியே இல்ல லா."

ஹாலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மறைத்தார்கள். கஃபாருக்கும் ஒரு முகமூடி கொடுத்தார்கள். தூசி பறக்காமலிருக்கச் சுவரை நனைத்து, தகட்டால் சுரண்டினார்கள். முதல் சில்லு அவர் காலடியில் விழுந்தது. ஐம்பது காசு நாணயத்தைவிடக் கனம். அதன் விளிம்பில் நிறங்கள் வரி வரியாகத் தெரிந்தன.

"அடுக்கடுக்கா கலர் வச்ச குவே லாப்பிஸ் மாதிரியே இருக்குல்ல?" என்றாள் சுஷ்மிதா.

"நோன்பு நேரத்துல பலகாரத்த ஞாபகப்படுத்தாதம்மா."

கஃபார் போனை எடுத்து வீடியோவில் ஆயிஷாவைக் கூப்பிட்டார்.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

"முகத்த மூடிக்கிட்டு, திருடன் மாதிரி இருக்கீங்க."

அவர் சில்லைக் கேமராவுக்கு அருகே பிடித்தார். "இதெல்லாம் எது எதுன்னு சொல்லு."

ஆயிஷா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "மேல வெண்ணெய். அப்புறம் சந்தனம். கொஞ்சம் கீழ ஒரு சாம்பல் கலரு இருக்குல்ல, அது கொரோனா வருஷம். பெயிண்ட் கடையே திறக்கல. வாசல் கேட்டுக்கு வாங்கினதுல மிச்சத்த அடிச்சீங்க. ஹால்ல உக்காந்தா லாக்கப்புல உக்காந்த மாதிரி இருந்துச்சு."

"அடியில ஒரு நீலம் இருக்கே?"

"ஃபர்சானா பொறந்த வருஷம்."

"அப்ப கிளிப்பச்சைல்ல?"

"பச்சை அவ ஸ்கூலுக்குப் போனப்ப. பொறந்தப்ப நீலம்தான். ஆஸ்பத்திரியில இருந்து வந்தா வீடெல்லாம் பெயிண்ட் வாடை. பிள்ளையத் தூக்கிக்கிட்டு காரிடார்லயே நின்னேன்."

"நின்னியா?"

"சாயங்காலம் வரைக்கும். நீங்க உள்ள ரெண்டாவது கோட்டு அடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

கஃபார் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நினைவில் அந்த நாளில் புதிய நீலச் சுவரும், அதைப் பார்க்க வந்த பரமசிவமும்தான் இருந்தார்கள். காரிடாரில் பிள்ளையோடு ஒருத்தி நின்றது அதில் இல்லை.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஜன்னலோர மூலை மட்டும் மிஞ்சியது. அங்கே பெயிண்ட் உப்பவில்லை. கிளிப்பச்சை வரை சுரண்டி நிறுத்தியிருந்தார்கள்.

"இங்க மீட்டர் கம்மியாத்தான் காட்டுது" என்றாள் சுஷ்மிதா. "வேணும்னா விடலாம் அங்கிள். ஆனா அடியில என்ன இருக்குன்னு எடுத்தாத்தான் தெரியும்."

மறுபடி வீடியோவில் வந்திருந்த ஆயிஷாவுக்கு அது கேட்டுவிட்டது. "விட்டுடச் சொல்லுங்களேன். ஒரு சாண் இருந்துட்டுப் போகட்டும். நான் அங்கதான உக்காருவேன்."

கஃபாருக்கும் காலையிலிருந்து அதே ஆசைதான். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஆயிஷா சொல்லி முடித்ததும் இருமினாள். சின்ன இருமல்தான்.

"ஆமா, நீ அங்கதான் உக்காருவே" என்றார்.

போனைத் தையல் மெஷின் மேல் மல்லாத்தி வைத்துவிட்டு, சுஷ்மிதாவிடம் தகட்டை வாங்கினார்.

"என்னங்க? கூரைதான் தெரியுது. என்ன சத்தம்?"

அவர் சுரண்டிக்கொண்டிருந்தார். பச்சையும் அதற்குக் கீழே இருந்த நிறங்களும் ஒரே பட்டையாகக் கழன்று வந்தன. அந்தப் பட்டைக்கும் அடியிலிருந்த நீலத்துக்கும் நடுவே கடுகு கடுகாய்க் கறுப்பு இருந்தது. சுஷ்மிதா தண்ணீரைத் தெளித்தாள். அவர் போனை எடுத்து அந்த இடத்தைக் காட்டினார்.

"இங்கயும் இருக்கு ஆயிஷா."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"சரி. எடுத்துடுங்க" என்றாள்.

சில்லுகளை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள். சுவர் நன்றாகக் காயும்வரை பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று சுஷ்மிதா சொல்லிவிட்டுப் போனாள். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஹாலில் ஓடிக்கொண்டே இருந்தது. கஃபார் தையல் மெஷினை எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஆயிஷா வந்தாள். மார்ச் 31 காலை பரமசிவம் வாசலில் செருப்பைக் கழற்றியபடி கழுத்தை நீட்டினார்.

"கஃபாரு, இந்த வருஷம் என்ன கலரு?"

"சிமெண்ட்" என்றாள் ஆயிஷா.

ஜன்னலில் வெண்ணெய் நிறத் திரை தொங்கியது. ஏப்ரலில் சுஷ்மிதா மீண்டும் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். சுவர் காய்ந்திருந்தது. ஆயிஷாவுக்கு இரைப்பு நின்றிருந்தது, மருந்தைத் தொடர்ந்தாள். அந்த வருஷம் அவர்கள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை.