மூன்றாம் வரியில் சிவப்பு

மார்ச் 28, வெள்ளி. சிறு தவறு ஒன்று: துண்டறிக்கை, மூன்றாம் வரி, ‘கன்னங்களில் சிவந்த தடிப்பு’. இதை எழுதிவிட்டு நான் நிமிர்கிறேன், அக்காவும் நிமிர்கிறாள், உப்புப் பாத்திக்குள்ளிருந்து, கீழே கிடக்கிற வெள்ளையிலிருந்து வெளிச்சம் எழுந்து அவள் முகத்தில் அடிக்கிறது, மூக்குத்தண்டுக்கு இரண்டு பக்கமும் கன்னங்களில் அந்தக் கறுப்பு இரண்டு சிறகுகளாக விரிந்திருக்கிறது, பக்கத்துப் பாத்திப் பெண்கள் சிரிக்கிறார்கள், ஏட்டி பேச்சிக்கனி, மூஞ்சில பூச்சி ஒக்காந்திருக்கு, அசையாத, பறந்துரும், அக்கா அவர்களுக்காக ஒரு கணம் அசையாமல் நின்று காட்டுகிறாள், பிறகு பலகையைப் பிடித்து உப்பை இழுக்கத் தொடங்குகிறாள், அவள் விரல்கள் பிடியை முழுதாகச் சுற்றி மடங்கவில்லை, அதையும் நான் பார்க்கிறேன், சோற்று வாளியோடு வரப்பில் நின்றபடி, எனக்குப் பதினைந்து வயது, பார்க்கிறேன், அவ்வளவுதான்.

தவறை முதலில் எழுது, மற்றது பிறகு என்பது எங்கள் சுருக்கெழுத்து வகுப்பின் பழக்கம், சார் வாசிக்க வாசிக்க எழுதி முடித்ததும் பிழைகளை எண்ணித் தாளின் தலையில் போட வேண்டும், அந்தப் பழக்கம் என் நாட்குறிப்புக்கும் வந்துவிட்டது, பகலில் சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்தத் தட்டச்சு வேலை, மாலையில் இந்த வகுப்புப் பெஞ்சு, இரண்டுக்கும் நடுவில் என் தவறுகள், தேதி மாறியது, கோப்பு எண் விட்டுப்போனது, எல்லாம் சிறியவை, இன்றையதையும் சிறு தவறு என்றுதான் எழுதினேன், ‘சிறு’ என்பதை அடித்தேன், மறுபடியும் எழுதினேன், ஒரே ஒரு சொல்தானே, ஆனால் அது இருபதாயிரம் தாள்களில் இருக்கிறது. சார் இன்னும் வரவில்லை, ஜன்னலில் வெயில் இருக்கிறது, அதற்குள் வரிசையாக எழுதிவிட முடியும் என்று நினைக்கிறேன், வரிசை நிற்கவில்லை.

ஜனவரியில் அந்தக் கடிதம் வருகிறது, உறையைப் பிரிப்பவள் நான்தான், லூபஸ் என்னும் நோய் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்ல எங்கள் மாவட்டத்துக்கு முதன்முறையாக அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது, துண்டறிக்கை அச்சிடலாம், முகாம் நடத்தலாம், மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும், மூன்று முறை படித்தேன், அந்தப் பெயரை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் எழுத்தில் பார்த்திருக்கிறேன், ஆறு வருடத்துக்கு முன், திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில், அக்காவின் கட்டில் காலில் தொங்கிய அட்டையில், நர்சிடம் அது என்ன நோய் என்று கேட்டேன், நம்ம ஒடம்பக் காக்க வேண்டியதே ஒடம்ப எதிரின்னு நெனச்சு அடிக்கும்மா என்றாள், முகத்த, மூட்ட, கடைசில கிட்னிய, டாக்டர் வந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டு எத்தன நாளா இந்தக் கறுப்பு இருக்கு என்றார், அம்மா முந்திக்கொண்டு, அது மங்குய்யா, உப்பளத்து வெயிலு, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கதுதான் என்றாள், டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். நாலு வருடம் அது மங்கு, மஞ்சளும் பாலாடையும், பிறகு கடைக் களிம்பு, மூட்டு வலி குனிந்து வாருவதால், காய்ச்சல் உப்புத் தண்ணியால், முடி கொட்டியது சோப்பு மாற்றியதால், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் எங்களிடம் தயாராக இருந்தது, எல்லாமே நியாயமான காரணங்கள், யாராவது ஒரு தாளில் இவை எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வரப்பில் வந்து கொடுத்திருந்தால், அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தாள் போதும் என்று, ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் அக்கா போய், அவளை ஆம்புலன்சில் ஊருக்குக் கூட்டிவந்தபோதும் அதையே நினைத்தேன், ஒரு தாள்.

அந்தத் தாளைத்தான் சவரிமுத்து சார் என் மேசையில் வைக்கிறார், அவர்தான் எங்கள் அலுவலகத்தில் இந்த மாதிரிப் பிரசாரங்களுக்குப் பொறுப்பு, ஏம்மா, ஒனக்குத் தமிழ் நல்லா வருமே, இந்த இங்கிலீஷத் தமிழாக்கிக் குடு, நாளைக்கு அச்சுக்குப் போவணும் என்கிறார், தாளில் ஒரு படம், ஏதோ நாட்டுப் பெண், பால் வெள்ளை முகம், கன்னங்களில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போலச் சிவப்பு, நான் மூன்று படி எழுதினேன், தடிப்பா தடிப்புகளா என்று அரை மணி நேரம் யோசித்தேன், நோய் எதிர்ப்பு என்பதற்குப் பக்கத்தில் எளிய வார்த்தை போட்டேன், வாய்ப்புண், முடி உதிர்தல், விரல் மடங்காமை, எதுவும் விட்டுப்போகவில்லை, விட்டுப்போகவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன், படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், அக்காவுடன் ஒரே பாயில் பதினேழு வருடம் படுத்து எழுந்தவள் நான், அந்தக் கன்னம் காலையில் எப்படி இருக்கும், காய்ச்சலில் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் சிவந்த என்று எழுதினேன், ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது, அச்சில் இருப்பது என் அக்காவைவிடச் சரியாக இருக்கும் என்று நம்பினேன் போலிருக்கிறது.

இன்று காலை முதல் முகாம், உப்பளத்தில், பத்தரை மணிக்குக் கஞ்சி குடிக்க வரும் நேரம், நாற்பத்தொரு பெண்கள், எண்ணினேன், ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தாளைப் புரட்டுகிறார்கள், ஒருத்தி, இந்தப் பொம்பள நல்ல நெறமா இருக்காளே, எந்தூரு என்கிறாள், இன்னொருத்தி, நம்ம அளத்துல ரெண்டு நாள் நிக்கச் சொல்லு, எந்தூருன்னு தெரியாமப் போயிரும் என்கிறாள், கொட்டகை முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்தேன், சிரித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூட்டம் கலைகையில் ஒரு பெண் மட்டும் தாளோடு வந்தாள், பெயர் மாடத்தி என்றாள், என் வயதுதான் இருக்கும், தலைத்துணியைக் கன்னம் வரை இழுத்துக் கட்டியிருந்தாள், ஏக்கா, இதுல செவப்பா இருக்குன்னு போட்டிருக்கு, எனக்குக் கறுத்துல்லா கெடக்கு, காலையில வெரல மடக்க முடியல, வாயில வேற புண்ணு ஆற மாட்டேங்கு, இதுவா இருக்குமோ, கேட்டுக்கொண்டே துணியை விலக்கினாள், அந்த நேரத்தில் சாலையில் ஜீப் ஹாரன் அடிக்கிறது, இன்னும் இரண்டு முகாம் பாக்கி, சவரிமுத்து சார் கையைக் காட்டுகிறார், நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தேன், மூன்றாம் வரியை விரலால் தொட்டு, செவப்பா இருந்தாத்தாம்மா இது, ஒனக்கு வெயில் கறுப்பாத்தான் இருக்கும் என்றேன். அப்பாடி, நல்ல வேளக்கா, ரெண்டு நாளா இதே நெனப்புதான் என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் விரல்கள் என் கையை முழுதாகச் சுற்றி மடங்கவில்லை, தாளை நாலாக மடித்துக் கஞ்சி வாளிக்கு மூடியாக வைத்துக்கொண்டு போனாள், இலேசாக நடந்தாள், இறக்கி வைத்துவிட்டவள் மாதிரி.

ஜீப்பில் கண் அசந்தது, அக்கா எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், தலைத்துணியும் பலகையுமாக, மடியில் துண்டறிக்கைக் கட்டு, ஏட்டி, இதுல என்ன எழுதியிருக்க, வாசி பாப்போம் என்றாள், அவள் ஐந்தாவதோடு நின்றவள், நான் வாசித்தேன், முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரியில் நிறுத்தச் சொல்லி, அப்ப எனக்கு இது இல்லல்லா, அப்பாடி என்றாள், எழுந்து ஓடும் ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து போனாள், இலேசாக, நான் கண் விழித்தபோது வண்டி இரண்டாம் முகாமில் நின்றிருந்தது, என் வாய் உப்புக் கரித்தது, அப்போதுதான் தெரிந்தது, அந்த வரி இருக்கிற தாள் அக்காவின் கையில் கிடைத்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள்.

சவரிமுத்து சாரிடம் சொன்னேன், நம்ம தோலுல அது செவக்காது சார், கறுக்கும், அவர் கேலி செய்யவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார், பிறகு சொன்னார், சரிதாம்மா, நீ சொல்லுதது சரிதான், ஆனா அச்சாயிட்டு, பில்லும் மேல போயிட்டு, இனி ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அடுத்த வருச நிதிலதான், அடுத்த வருசம் இந்த நோய்க்கு நிதி வருமா, வேற நோய்க்குப் போவுமா, அது நம்ம கையில இல்ல, நீ வெசனப்படாத, பாதித் தாளுல வடைதான் கட்டப் போறானுவ. ஆறுதலுக்குத்தான் சொன்னார். திரும்பிப் போவோம் சார் என்றேன், மூன்றாம் முகாமை விட்டால் கணக்கு முடியாது என்றார், முடித்துத் திரும்பியபோது மணி மூன்று, உப்பளத்தில் யாரும் இல்லை, வெள்ளைக் குவியல்கள்தான், கங்காணியின் நம்பர் கிடைத்து அழைத்தேன், மாடத்தியா, அவ கூலிக் கூட்டத்தோட வந்த புள்ளைலா, நாளைக்குப் பாத்தி முடியுது, நாளைக்குப் பிறவு எந்த அளத்துக்குப் போவாளோ, யாருக்குத் தெரியும் என்றார், அவகிட்ட ஒரு விஷயம் சொல்லணுமே என்றேன், என்னன்னு சொல்லுங்க, நான் சொல்லிருதேன் என்றார், நாளைக்கு நானே வாரேன் என்றேன்.

வந்தால் மட்டும் நம்புவாளா, காலையில் இல்லை என்றவள் மறுநாள் வந்து இருக்கும் என்று சொன்னால், அச்சில் சிவப்பு என்று இருக்கும்போது, கையில் காட்ட ஒன்று வேண்டும், அக்காவின் முகம் வேண்டும், அதுதான் இல்லை, ஆதார் அட்டைப் படத்தில் முகமே இல்லை, ஒரு கறுப்பு வட்டம், மற்றது இந்த ஒன்றுதான், என் நோட்டின் உறைக்குள் ஆறு வருடமாக இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஸ்டுடியோவில் எடுத்தது, கவலப்படாதீய, மங்கெல்லாம் நான் எடுத்துருதேன் என்று ஸ்டுடியோக்காரர் சொல்கிறார், எடுத்தும்விட்டார், அக்கா படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், யாருட்டி இவ, நல்லாருக்காளே, இவளக் கட்டிக் குடுங்க, நான் அளத்துக்குப் போறேன், அம்மா அவள் முதுகில் ஒன்று போட்டாள், எல்லோரும் சிரித்தோம், அந்தச் சிரிப்பில் அவள் நோய்க்கு இருந்த ஒரே சாட்சியையும் நாங்கள் துடைத்துவிட்டிருந்தோம்.

சுருக்கெழுத்து சார் வந்துவிட்டார், வாசிக்கத் தொடங்கிவிட்டார், மற்றவர்கள் எழுதுகிறார்கள், எங்கள் சுருக்கெழுத்தில் மெல்லிய கோடு ஒரு ஒலி, அதே கோட்டை அழுத்திப் போட்டால் வேறு ஒலி, அழுத்தத்துக்கென்றே மென்மையான பென்சில் வைத்திருக்கிறேன், அதை எடுத்து அக்காவின் கன்னத்தில் வைத்தேன், படம் வழவழப்பாக இருந்தது, வழுக்கியது, நகத்தால் இலேசாகச் சுரண்டினேன், வலிக்குமோ என்று நினைத்தேன், பிறகு கறுப்பு பிடித்தது, மூக்குத்தண்டின் இடது பக்கம், வலது பக்கம், கண்ணுக்குக் கீழே மெல்ல, ஓரத்தில் அழுத்தி, சிறகுகள் விரிகிறபோது ஸ்டுடியோவின் பெண் போய்விடுகிறாள், பாத்திக்குள்ளிருந்து அக்கா நிமிர்கிறாள், வெள்ளை வெளிச்சம் கீழிருந்து அடிக்கிறது, யாரும் சிரிக்கவில்லை, அசையாதக்கா என்கிறேன், நாளைக்கு வரைக்கும்.

இன்றைய பாடம் எழுதவில்லை. பிழைகள் எண்ணவில்லை.

நாளை, சனி: காலை நாலே முக்கால் பஸ். படத்தை எடுத்துக்கொள்வது. வேலை தொடங்குவதற்கு முன் மாடத்தியைக் கண்டுபிடித்து, நான் சொன்னது தவறு என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது.