ஒட்டிக்கொண்ட அச்சு

எனக்குக் கை நடுங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் நாத்தனார் கப்பல் மாதிரிகள் செய்பவள். ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் வைக்க, எங்கள் சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒரு பயணிகள் கப்பல் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அதன் இரண்டு பக்கமும் தொங்கவிட விரல் நீளத்தில் எட்டுப் படகுகள் வேண்டும். ஒன்றை மட்டும் மெல்லிய மரச்சீவலில் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்தாள். அதற்கு அச்சு எடுத்து மற்றவற்றை ரெசினில் வார்த்துத் தருகிறேன் என்றேன்.

"வெளியில குடுத்துடலாமே அண்ணி. அவங்க இதையே தொழிலா செய்யறவங்க."

"அப்ப நான் என்ன பொழுதுபோக்குக்கா செய்யறேன்?"

பொம்மைக் கடைகளுக்கு அச்சு எடுத்தே காலம் தள்ளுகிறவள் நான். ஆனாலும் அவள் பயத்தில் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை கப்பல் போயாக வேண்டும். அந்த ஒரு படகு உடைந்தால் இன்னொன்று செய்ய நேரமில்லை.

படகை அதன் விளிம்பு வரை களிமண்ணில் புதைத்தேன். களிமண்ணின் நான்கு மூலையிலும் கோலிக்குண்டை அழுத்திக் குழி போட்டேன், இரண்டு பாதிகளும் பிறகு நகராமல் பொருந்துவதற்கு. சுற்றிலும் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, சிலிக்கோன் ரப்பர் கூழை நூல் போல ஊற்றினேன். இறுகியதும் கவிழ்த்து, களிமண்ணை எடுத்துவிட்டு, உள்ளே தெரிந்த சிலிக்கோன் முகம் முழுக்க வாஸ்லைன் தடவினேன். சூட்சுமமே அதில்தான். சிலிக்கோன் மரத்தோடு ஒட்டாது, பிளாஸ்டிக்கோடு ஒட்டாது. தன் இனத்தைக் கண்டால் மட்டும் விடவே விடாது, என் புகுந்த வீட்டுக்காரர்களைப் போல. நடுவில் வாஸ்லைன் இருந்தால்தான் இரண்டும் தனித்தனியாக வரும்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பார்சலை வாங்கி வைத்துவிட்டு வந்து இரண்டாவது பாதியை ஊற்றினேன். ஊற்றும் முன் இன்னொரு முறை பார்த்தேனா? இல்லை. தடவியது நான், அதை எதற்குப் பார்ப்பது?

மறுநாள் காலையில் கட்டைகளைக் கழற்றினேன். இரண்டு பாதிகளுக்கும் நடுவே நகம் நுழையவில்லை. பெரிய சோப்புக்கட்டி மாதிரி ஒரே துண்டு. உள்ளே அவளுடைய படகு.

"வாஸ்லைன் போட மறந்துட்டீங்களா அண்ணி?"

எனக்குச் சுருக்கென்றது. "மறக்கற ஆளா நான்? பளபளன்னு தடவி வச்சிருந்தேனே!"

அவள் முகம் வெளிறியது.

"அந்தப் பிசுபிசுப்பா? அழுக்குன்னு நெனச்சு... நீங்க வாசலுக்குப் போனப்போ நான்தான் துடைச்சேன். கண்ணாடி துடைக்கற தண்ணி போட்டு. ரெண்டு தடவை."

வீட்டில் அவளுக்குப் பளிச்சு என்று பட்டப்பெயர். அவள் கை பட்ட கரண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டியை அவள் தலையிலேயே போட்டிருப்பேன். ஆனால் அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது.

"என் படகு போச்சா அண்ணி?"

"எங்கேயும் போகாது. அழாம அந்தக் கத்தியை எடு."

கட்டியின் வெளிப்பக்கம் கட்டைகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. களிமண் மூன்றாவது வரிசை வரைக்கும் இருந்தது. அப்படியானால் படகின் விளிம்பும் அதே மட்டத்தில்தான். அந்த வரியில் கத்தியை வைத்தேன். நேராக வெட்டினால் பிறகு பொருத்தும்போது பாதிகள் வழுக்கும் என்று வளைத்து வளைத்து வெட்டினேன்.

"ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம்."

பிடித்தாள். அவள் கை நடுங்கியது, என் கை நடுங்கவில்லை. விளிம்புக்கு ஒரு நூல் இருக்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மிச்சத்தை விரலாலேயே மெல்ல இழுத்துப் பிரித்தேன். வாய் திறந்தது. படகு உள்ளே முழுசாகக் கிடந்தது. பின்பக்கம் நகக்கீற்று கனத்தில் ஒரு சுக்கான் வைத்திருந்தாள். அதுகூட ஒடியவில்லை. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதுவிட்டாள்.

சாயங்காலம் என் கணவர் வந்தபோது, வார்த்தெடுத்த ஏழு படகுகளும் அசலோடு வரிசையாக நின்றன. அவர் பார்த்தது படகுகளை அல்ல, கோணல்மாணலாக வெட்டிய அச்சைத்தான்.

"என்னது இது? ஒட்டிக்கிச்சா? வாஸ்லைன் போட மறந்திருப்ப."

பளிச்சு தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் வாயில் விழுந்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் முந்திக்கொண்டேன். இந்தத் தொழிலில் என் வாயால் சொன்னதே இல்லாத வார்த்தை.

"ஆமா, மறந்துட்டேன்."

"ஹா! கை நடுங்காதவங்களுக்கு மறதி மட்டும் வருமோ?"

"இல்லண்ணா." அவள் நிமிர்ந்தாள். "அண்ணி மறக்கல. நான்தான் தெரியாம துடைச்சுட்டேன். வெளியில குடுத்திருந்தா இந்நேரம் என் படகு குப்பையில கெடக்கும்."

"வெளியில குடுத்திருந்தா உன்னை அவங்க உள்ளேயே விட்டிருக்க மாட்டாங்க" என்றேன். கொஞ்சலாகச் சொல்ல நினைத்தேன், அதட்டலாகத்தான் வந்தது.

அவள் சிரித்துக்கொண்டே கப்பலின் நங்கூரத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இதுக்கும் நீங்களே அச்சு எடுங்க அண்ணி." அப்புறம் வாஸ்லைன் டப்பாவை எடுத்தாள். வெளியெல்லாம் பிசுக்கு. பழக்கதோஷத்தில் துணிக்குக் கை போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு, டப்பாவை அப்படியே என்னிடம் நீட்டினாள்.