பாதி கனம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் மலாக்காத் திடலில் பொருட்காட்சி போட்டார்கள். காஜா பெராங்கில் மளிகைக்கடை வைத்திருந்த சொக்கப்பன் செட்டியாருக்குச் சுதந்திரத்தைவிடப் பொருட்காட்சியில்தான் அக்கறை. கொடி ஏற்றுகிறவன் ஒருவன். கூட வந்து சாப்பிடுகிறவர்கள் ஆயிரம் பேர் அல்லவா? ராட்டினக்காரர்களுக்கும் பலூன்காரனுக்கும் அரிசி பருப்பு இவர் கடையிலிருந்துதான் போயிற்று. கொசுறாக ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை கொடுக்கவே கை நடுங்குகிற மனிதர், அன்றைக்குப் பலூன்காரனிடம் தாமே கொசுறு கேட்டு, ஒரு சிவப்புப் பலூனோடு வீட்டுக்கு வந்தார்.

கடையின் பின்கட்டுதான் வீடு. அங்கே கட்டிலில் மகள் மெய்யம்மை கிடந்தாள். வயது ஒன்பது. இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலையும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. குளிக்க, கொல்லைக்குப் போக, வாசலில் வேடிக்கை பார்க்க, எல்லாவற்றுக்கும் அவளைத் தூக்கிப் போவது தாய் வடிவாம்பாள்தான். மூட்டையைத் தொட்டுப் பார்த்தே எடை சொல்லுகிற செட்டியார், பிள்ளையைத் தூக்குவதை மட்டும் மனைவியின் பாடு என்று விட்டிருந்தார்.

“இது வாயாலே ஊதின பலூன் இல்லை ஆத்தா. உள்ளே இருக்கிறது ஹீலியம். அமெரிக்காச் சரக்கு. காத்தைவிட லேசு. நெருப்புப் பிடிக்காதுன்னு பலூன்காரன் மீசையைத் தொட்டுச் சத்தியம் பண்ணான்,” என்று மகளிடம் சொன்னார் செட்டியார்.

மெய்யம்மை கூரையில் முட்டிக்கொண்டு நின்ற பலூனையே பார்த்தாள். “இது ஆளைத் தூக்குமா அப்பச்சி?”

சரக்கைச் சோதித்துப் பார்க்காமல் விலை சொல்லுவது செட்டியாருக்குப் பழக்கமில்லை. நூலை இழுத்து, நுனியில் காய்ந்த மிளகாயை ஒவ்வொன்றாகக் கட்டினார். ஏழெட்டு வரைக்கும் பலூன் கௌரவமாக மிதந்தது. அதற்கு மேல் ஒன்று கட்டியதும் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது.

“பார்த்தியா? ஒரு பிடி மிளகாய்க்கே மூச்சு வாங்குது. உன்னைத் தூக்க இந்த மாதிரி ஆயிரக்கணக்கிலே வேணும். தெங்கேரா வரைக்கும் தேடினாலும் கிடைக்காது.”

“நான் கனம் குறைஞ்சா?”

“அப்படிக் கேளு, அதானே வியாபாரம்! நீ கொஞ்சம் குறைச்சுக்க, பலூனை நான் கொஞ்சம் கூட்டித் தர்றேன். நடுவிலே பேசி முடிச்சுக்குவோம்.”

வடிவாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடையில் இதே பேச்சை அவர் தினமும் யாரிடமாவது சொல்லுவார், ஒருவரும் நம்பியதில்லை. மெய்யம்மை சிரிக்கவில்லை. வியாபாரி வீட்டுப் பிள்ளை, பேச்சு முடிந்தது என்றே எடுத்துக்கொண்டாள்.

பலூன் இரண்டு நாளில் சுருங்கி, பெருக்கின குப்பையோடு போயிற்று. தீபாவளி நெருங்கும்போது பிள்ளையின் கன்னமும் அப்படித்தான் சுருங்கியிருந்தது. டாக்டர் வந்து பார்த்தார்.

“புதுசா வியாதி எதுவும் தெரியலை செட்டியாரே. ஆனா நெஞ்சு ரொம்பப் பலவீனம். சாப்பாடு இறங்கலைன்னா தாங்காது.”

“தட்டைக் கழுவி வச்ச மாதிரி காலி பண்றாளே!” என்றாள் வடிவாம்பாள்.

பதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருந்தது, தலைமுறைகளாக மலாயே பேசிப் பழகிய சிட்டிக் குடும்பம்; அந்த வீட்டுச் சீதாவுக்குத் தமிழ் வராது. ‘உங்கள் ஜன்னலடியிலேயே கிடந்து என் கோழிகள் நடக்க முடியாமல் கொழுத்துவிட்டன, முட்டையில் உங்களுக்கும் பங்கு தரவேண்டும்’ என்று மலாயில் சொல்லி, சிரித்துவிட்டுப் போனாள்.

செட்டியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டினால் சரக்கு விற்காது என்று தெரிந்தவர். ஆகவே சரக்கைத் திருப்பிக் காட்டினார்.

“ஆத்தா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ரொம்ப லேசான ஆளுக்கு ஹீலியம் ஆகாதாம். செமாபோக் தாண்டறதுக்குள்ளே காத்து அடிச்சுச் சுமாத்ராவிலே போட்டுடும். அங்கே போன என் தம்பி, உன் சின்னப்பச்சியே இன்னும் திரும்பலை. நாலு கவளம் கூடச் சாப்பிட்டாத்தான் பலூனுக்குப் பிடிமானம்.”

“நான் பறக்கணும்னு எப்பச் சொன்னேன்?”

“பின்னே?”

“முழுசாத் தூக்க வேண்டாம் அப்பச்சி. பாதியைத் தூக்கினாப் போதும். மிச்சத்தை ஆத்தா தூக்கிக்கும்.” குரலைத் தாழ்த்தினாள். “இடுப்பு வலின்னு அடுப்படியிலே உக்காந்து அழுகுது. எனக்குக் கேக்கலைன்னு நினைச்சுக்குது. நீங்க பலூன் சேர்க்கிற வரைக்கும் நானாவது குறையணும்ல?”

எந்த விலைக்கும் எதிர்விலை வைத்திருக்கும் செட்டியார் இந்தத் தடவை கேட்ட விலைக்கே படிந்தார்.

“இனிமே நான் தூக்கறேன்,” என்றார். “நீ சாப்பிடணும்.”

“ஆத்தாவைத் தூக்கவே விடக் கூடாது.”

“விட மாட்டேன்.”

“பேச்சு மாறக் கூடாது.”

“மாறினா என் கடையிலே ஈ மொய்க்கட்டும்.”

அவள் அன்று ஒரு கிண்ணம் கஞ்சியை ஜன்னல் பக்கம் திரும்பாமல் குடித்தாள். சாயங்காலம் வாசலுக்குக் கொண்டுபோக அவர் முதல்முறையாக அவளைத் தூக்கினார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கென்று முதுகை விறைப்பாக்கி, மூச்சைப் பிடித்திருந்தார். கைகள் தாமாக மேலே போய்விட்டன. அரிசியைக் கொட்டிவிட்ட வெறும் சாக்கைத் தூக்கினதுபோல் இருந்தது.

“கனக்குதா அப்பச்சி?”

கனக்கிறது என்றால் நாளைக்குக் கவளம் குறையும். கனக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னாலோ, பட்டினிக்கு நல்ல விலை கிடைத்தது என்று சந்தோஷப்படுவாள்.

தெருவில் மழையில் சாயம் போன கொடித் தோரணங்கள் தொங்கின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. சொல்கிற விலை வேறு, அடக்க விலை வேறு என்று தெரிந்தவள்போல் அவர் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டதால் செட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கனக்கிறது என்று அவளுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

மறுநாள் கிண்ணத்தில் பாதிக் கஞ்சி அப்படியே இருந்தது.

“வயிறு நிறைஞ்சிருச்சு,” என்று சொல்லி, அவர் தூக்குவதற்குத் தோதாக இரண்டு கைகளையும் நீட்டினாள்.