பதினோரு ஒன்றுகள்

நூருன்னிசா எதைத் தொட்டாலும் பாதியில் விடுவாள் என்பது அவள் அத்தா ஒலி முகம்மதுவின் தீர்ப்பு. தையல் வகுப்பு பாதியில் நின்றது. டைப்ரைட்டிங் அதற்கும் முன்பே. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை நடத்துகிறவரின் நாக்கு கத்தரிக்கோலுக்கு இளைத்ததா என்ன! பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கவேண்டும் என்று அவள் கேட்டபோது சிரித்தேவிட்டார்.

"ஏதோ கிறுக்கிக்கிட்டு இருக்கியே, முதல்ல அதை முடி. நோன்புப் பெருநாளைக்குள்ள முடிச்சா படிக்கப் போ. இல்லாட்டி உன்னைக் கேட்டு வந்திருக்கிற புக்கிட் பாஞ்சாங் ஊர் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிடுவேன்."

அவர் கிறுக்கல் என்றது ஓர் எண்ணை. பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்; ஆயிரத்து நூறு கோடிக்கும் மேல். அதை மீதியில்லாமல் வகுக்கும் எண் உண்டா, இல்லை அது எதற்கும் பிளக்காத பகா எண்ணா? நூலகப் புத்தகம் ஒன்று பாரத்தைக் குறைத்தது. இருபத்திரண்டால் வகுத்தால் மீதி ஒன்று வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அப்படியும் ஏறக்குறைய ஆயிரம் வகுத்தல்கள் இருந்தன. பழைய காலண்டர் தாள்களின் முதுகில் ஒவ்வொன்றாகப் போட்டாள். தெருவெல்லாம் தேர்தல் பேச்சாக இருந்த ஐம்பத்தொன்பதாம் வருஷம் அது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

கணக்கு சரியா என்று பார்க்க, கடையில் அத்தா செய்வதையே அவளும் செய்தாள். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, மிச்சம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. எல்லாம் ஒத்துவந்தது. நோன்பு பாதியில், "முடிஞ்சுது அத்தா, எதுவும் வகுக்கல. பகா எண்தான்" என்றாள். அத்தாவுக்கு உள்ளூரப் பெருமை. பெருநாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிடலாம் என்றார்.

அடுத்த வாரம் அவர் கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "நாப்பத்தஞ்சு கஜத்தை அம்பத்திநாலுன்னு எழுதிட்டேன். ஒன்பதுல தட்டினா சரியா வருது. துணிதான் ஒன்பது கஜம் குறையுது!"

நூருன்னிசாவுக்குத் தன் காலண்டர் தாள்கள் நினைவுக்கு வந்தன. இலக்கம் இடம் மாறினால் இந்தச் சோதனைக்குத் தெரியாது! வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியுமே, அது போதாதா.

"அத்தா, நான் இன்னும் முடிக்கல."

"பெருநாள் வந்துடுச்சு லா."

"அதுக்குள்ள திரும்பப் பாக்குறேன்."

"சொன்ன கெடு சொன்னதுதான்" என்றார் அவர். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முதல் தாளை எடுத்தாள்.

இந்தத் தடவை ஒன்பதை நம்பவில்லை. ஒவ்வொரு வரியையும் மறுபடி பெருக்கிப் பார்த்தாள். தேங்காய்ப்பால் பிழிய அம்மா கூப்பிட்ட குரலுக்கு, "இதோ" என்று சொன்னதோடு சரி.

பெருநாளுக்கு முந்தின நாள் மதியம் 21,649-இன் தாள் கைக்கு வந்தது. அதன் மும்மடங்கு 64,947. அவள் எழுதியிருந்ததோ 64,974. திருத்திவிட்டு மேற்கொண்டு வகுத்தாள். அடியில் மீதி பூஜ்யம் வந்தது. ஈவு 513,239. 21,649-ஐவிடச் சிறிய எண்களை ஏற்கெனவே மறுபடி சோதித்தாகிவிட்டது. ஆகவே இந்த இரண்டும் இனிப் பிளக்காது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். பெருநாள் கூட்டம் நெரித்தது. இரண்டு எண்களையும் அத்தா முன்னால் வைத்து, "நான் சொன்னது தப்பு. இது பிளக்குது. நீங்களே பெருக்குங்க" என்றாள்.

வாடிக்கையாளர்கள் முணுமுணுக்க, துணி சுற்றும் தாளில் ஒலி முகம்மது பெருக்கினார். கூட்டினார். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பதினோரு ஒன்றுகள் நின்றன. பழக்க தோஷத்தில் இலக்கங்களைக் கூட்டப்போனார்.

"ஒன்பதுல தட்ட வேணாம் அத்தா. அதான் நிக்குதே."

அவர் தாளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைத் தேடினார்.

"எங்க அத்தா?"

"புக்கிட் பாஞ்சாங்குக்கு. சம்மதம் இல்லைங்கிறதை ஆள் விட்டுச் சொல்லக் கூடாது, நானே சொல்லிட்டு வர்றேன். அதுவரைக்கும் நீ கடையைப் பாரு."