கசக்காத வெள்ளறுகு

சீனி வியாதியால் புண்பட்ட காலில் மூன்று விரல்களை எடுத்தால் பாதம் தப்பும் என்று சொல்லி, நோன்பு பிறந்த கிழமையே மீராசாவை ஆஸ்பத்திரி வாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் டொக்டர். மீராசா போகவில்லை. “விரலில்லாத காலோட வயல் வரம்பில எப்பிடிகா நடக்கிற?” என்று ஒரே பிடியாக நின்றார். ஸுஹைறாவுக்கும் புருசனை அறுக்கக் கொடுக்க மனம் வரவில்லை. வெள்ளறுகு சீனியை இறக்கும், சீனி இறங்கினால் புண் தானாக ஆறும் என்று ஊரெல்லாம் சொன்னது. கசப்புத்தான் அதன் மருந்து. கசக்காவிட்டால் வெறும் புல்.

காரைதீவுக் கடற்கரையில் பிடுங்கி விற்கும் கேதீஸ்வரியிடம் வாங்கி, நோன்பு பிடிக்காத புருசனுக்குப் பின்னேரம் அஸர் தொழுததும் அவித்துக் கொடுத்தாள்.

“கசக்குதா?”

“இல்லகா. பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு.”

நுனி நாக்கில் தொட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்று மற்றப் பெண்கள் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பார்கள். ஸுஹைறா அதுகூடச் செய்யமாட்டாள். புருசன் சுகப்படவேண்டுமென்று பிடிக்கும் நோன்பில் ஒரு துளிச் சந்தேகமும் விழக்கூடாது. ஆகவே இலைதான் பிழை என்று முடிவுகட்டினாள். அடுத்த நாள் இரட்டிப்பாகப் போட்டாள். பிறகு வேரோடு அள்ளிப் போட்டாள்.

“இவ்வளவையும் குடிக்கிறாரா? என்ட மனிசன் எண்டா ஒரு மடக்கோட வீட்ட விட்டே ஓடியிருவார்!” கேதீஸ்வரி சிரித்தாள்.

“உங்கட இலையில கசப்பே இல்லயாம். நல்லதாப் பாத்துத் தாங்க.”

பாதி நோன்பு கழிந்தது. புண் கறுத்து மேலேறியது. ஒரு நாள் மீராசாவுக்கு ஓங்காளம் வந்து, பாதிக் கோப்பையை மிச்சம் வைத்தார். பாங்கு சொல்லி நோன்பு திறந்த கையோடு ஸுஹைறா அந்த மிச்சத்தை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

முற்றத்துக்கு ஓடித் துப்பினாள். துப்பத் துப்பக் கசந்தது.

“இஞ்சருங்க, இது கசக்கல்லயா உங்களுக்கு?”

“இல்லயே.”

“அப்ப கஞ்சி?”

“அதும் ஒண்டும் தெரியல்ல. நோன்போட கிடந்து ஆக்கித் தாறாய். அதான் நல்லாரிக்கி எண்டு சொன்னன்.”

அன்றே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன, நாக்கில் ருசி செத்ததும் அதனால்தான் என்றார் டொக்டர்.

“அந்த மூணு விரலையும் எடுங்க சேர். நாங்க ஓம் எண்டுறம்.”

“விரலா?” டொக்டர் போர்வையை முழங்காலுக்கு மேலே விலக்கிக் காட்டினார். பிறகு அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “இதுக்கும் மேலால வெட்டோணும். அதத் தாங்க இவர்ர உடம்பில பெலன் இல்ல.”

திரும்பி வந்தவளிடம் மீராசா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “எப்ப வீட்ட போகலாம் எண்டு அவருக்கிட்டக் கேளுகா.”

ஸுஹைறா கேட்கவில்லை.