கட்டின கை

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு வீட்டைப் பழையபடி ஆக்குவது இருக்கிறதே, அதைப்போல மனசை அறுக்கிற வேலை வேறு கிடையாது. தோரணம் கட்டும்போது வீடு நிறைய ஆள் இருக்கும், ஆளாளுக்கு யோசனை சொல்லும். இறக்கும்போது பார்த்தால் வீட்டுக்காரி ஒருத்திதான் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருப்பாள். போடிநாயக்கனூரில் ஞானசெல்வி வீட்டிலும் இதே கதைதான். என்ன, மூன்று வருஷமாக அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் முழுசாக முடியவே இல்லை.

வாசல் முகப்பில், சன்ஷேடுக்குக் கீழே ஒரு நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. மூங்கில் சிம்பில் சிவப்புக் காகிதம் ஒட்டியது. சித்திரை வெயிலிலும் அது தொங்கும், ஐப்பசி மழையிலும் தொங்கும். காகிதம் வெளுத்து, சிவப்பா ரோசா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு முனை கிழிந்து காற்றில் படபடக்கும். பால் ஊற்ற வருகிற மருதாயி, "என்னக்கா, ஒங்க சாமி இன்னும் பெறந்துக்கிட்டேதான் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டு போவாள். ஞானசெல்வியும் சிரித்து வைப்பாள்.

அதைக் கட்டியவள் மகள் பியூலா. கட்டியவள் அவிழ்க்காமல் போய்விட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

இது புரிய வேண்டுமென்றால் அந்த வீட்டுச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஞானசெல்வியின் மாமனார் ஏலக்காய் வியாபாரி. அவர் கடையில் மூட்டையைத் தைத்துக் கட்டியவன்தான், வாங்க வருகிறவன் முன்னால் அதை அவிழ்க்க வேண்டும். உள்ளே இருக்கிற காய்க்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். வேறு எவனாவது முடிச்சில் கை வைத்தால் மனுஷன் குதிகுதியென்று குதிப்பார். கடையில் இருந்த சட்டம் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் நுழைந்தது. கிறிஸ்துமஸ் குடில் அடுக்கியவர்தான் கலைக்க வேண்டும், தோரணம் கட்டியவர்தான் இறக்க வேண்டும். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் போகவில்லை. அவர் மகன், ஞானசெல்வியின் கணவர் ஆதித்தன், அப்பாவை மிஞ்சினார். கட்டின கைதான் அவிழ்க்கணும் என்று வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நட்சத்திரத்தைக் கட்டிவிட்டுப் புத்தாண்டு ஆராதனைக்குப் போன பியூலா வீடு திரும்பவில்லை. மலையிலிருந்து கடைக்கு லோடு இறக்க வருகிற ஜீப்பு டிரைவர் முனீஸ்வரனோடு போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்துப் பூப்பாறையில் போய்க் குடியிருந்துவிட்டாள். ஆதித்தன் சத்தம் போடவில்லை. "இனி அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். அந்த வாரமே ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நட்சத்திரத்தை அறுக்க ஏறினார். கை முடிச்சுவரை போனது. அப்படியே இறங்கி, "முட்டி வலிக்குது" என்றார். அவர் ஏறியது ஒன்றரை அடி ஸ்டூல்.

பெயரைச் சொல்லக் கூடாது என்றால் சொல்லாமல் இருந்துவிடலாம். பெற்றவளுக்கு நினைக்காமல் இருக்க முடியுமா? ஆதித்தன் காயை ஏலம் விடுகிற மையத்துக்குப் போகிற நாளெல்லாம் ஞானசெல்வி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். பேத்தி நிலா பிறந்ததும், தவழ்ந்ததும், நடந்ததும் அந்தக் கையகலக் கண்ணாடிக்குள்தான். மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரியும், மெட்டுக்குப் போகிற ரோட்டின் வளைவுகள் தெரியும். மகள் இருக்கிற இடம் மலைக்கு அந்தப் பக்கம். ஒரு மணி நேரம் ஜீப்பில் உட்கார்ந்தால் போய்விடக்கூடிய ஊருக்கு ஏங்கிச் சாவது போல ஒரு கொடுமை உண்டா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இந்த வருஷம் ஜனவரியில்தான் அந்த முடிச்சுக்கு வேளை வந்தது. மகன் சாமுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் பொங்கல் லீவில் வருகிறார்கள். வெள்ளையடிக்கப் பேச்சிமுத்துவுக்குச் சொல்லியாகிவிட்டது.

"எல்லாத்தையும் எறக்கிரு" என்றார் ஆதித்தன். "வாசல்ல தொங்குதே, அதையும். வர்றவுக என்ன ஏதுன்னு கேப்பாக."

ஞானசெல்விக்கு வாய் முந்திக்கொண்டது. "கட்டின கை இல்லாம அதை யாருங்க அவுக்கிறது?"

ஆதித்தன் தட்டில் இருந்த சாம்பிள் ஏலக்காயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார். கடைசியில், "அப்ப வந்து அவுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அவள் மாடிக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, கணவர் வீட்டில் இருக்கும்போதே மகளுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலையில் ஜீப்பு தெரு முனையில் நின்றது. முனீஸ்வரன் இறங்கவில்லை. பஜாரில் லோடு ஏற்ற வேண்டும், மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பியூலா தனியாக நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். மலைக்குளிரில் உதடு வெடித்திருந்தது.

"பிள்ளை எங்க ஆத்தா?" ஞானசெல்வி மகளின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மாமியாகிட்ட விட்டுட்டு வந்தேன்."

"ஏன்? கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"அவுக்கிறதுக்குத்தானம்மா அப்பா வரச் சொன்னாரு. பிள்ளையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

அடுக்களையில் ஒரு தூக்குச் சட்டி நிறைய அச்சு முறுக்கு இருந்தது. பேத்தி வருவாள் என்று முந்தின நாள் பூரா நின்று சுட்டது. ஞானசெல்வி அதை இரண்டு கையாலும் தூக்கி மகளின் பைக்குள் வைத்தாள். 

ஆதித்தன் முன்கட்டில், கடையில் இருந்தார். மகள் உள்ளே வந்தது அவருக்குத் தெரியும். காய் தரம் பிரிக்கிற பெண்கள் நாலு பேரும் கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். "என்ன வேடிக்கை? வேலையைப் பாருங்க" என்று அதட்டினார். பிறகு அவர்கள் பிரித்து வைத்ததையே எடுத்துத் தானும் பிரிக்க ஆரம்பித்தார். பெரிசையும் சின்னதையும் ஒரே குவியலில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் பாவம், சொல்லவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நட்சத்திரத்தைக் கடைசியா பாத்துக்கலாம். மொதல்ல உள்ள இருக்கிறதை எறக்குவோம்" என்றாள் ஞானசெல்வி. அதில் ஒரு கணக்கு இருந்தது. நட்சத்திரம் இறங்கிவிட்டால் மகளுக்கு அந்த வீட்டில் வேலை முடிந்தது. முடிகிற வேலையை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளினாள்.

கூடத்தில் நூல் கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் நாலு சுவரையும் சுற்றி வரும். இப்போது பாதிச் சுவருக்குக்கூட வரவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றாள் பியூலா.

"எல்லாரும் போன்லயே அனுப்பிர்றாக. போனை நூல்லயா கட்டித் தொங்கவிடுறது?"

பியூலா சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் கூடத்தில் கேட்டு மூன்று வருஷமாயிற்று. ஞானசெல்வி அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி, அனுப்பியவர் யார், அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அவர் வீட்டு நாய்க்கு என்ன ஆனது என்பதுவரை சொன்னாள். அடுத்தது குடில். கூரைக்கு வேய்ந்திருந்த காய்ந்த ஏலச்செடித் தோகையைப் பியூலா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஒவ்வொரு டிசம்பரிலும் அவள்தான் மலையிலிருந்து யாரிடமாவது அதைக் கொடுத்துவிடுவாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"யாரு கொடுத்துவிட்டதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல. ஆனா வேற யாரையும் வேய விடமாட்டாரு. அவருதான் வேய்வாரு."

கட்டின கை சட்டம் அன்றைக்குக் குடிலுக்குச் செல்லுபடியாகவில்லை. ஆதித்தன் அடுக்கியதை மகள் கலைத்தாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொம்மைகளை நியூஸ் பேப்பரில் சுற்றினார்கள். ஒரு மேய்ப்பனைச் சுற்றி முடித்ததும், சரியாகச் சுற்றவில்லை என்று ஞானசெல்வி பிரித்தாள். மறுபடி சுற்றி, காகிதம் பழசு என்று மறுபடியும் பிரித்தாள். அந்த மேய்ப்பன் அத்தனை மரியாதையை அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான்.

"மதிம்மா" என்றாள் பியூலா.

போதும் என்பதற்கு மலையில் அப்படித்தான் சொல்வார்கள். தெரிந்த சொல்தான். ஆனாலும் மகள் வாயிலிருந்து கேட்டபோது ஞானசெல்விக்குச் சுருக்கென்றது. இவள் பேச்சில் இன்னும் எத்தனை சொல் தனக்குத் தெரியாமல் மாறியிருக்கும் என்று நினைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகளை நினைத்தே ஏங்கினாள்.

சாப்பிட்டு முடித்தபோது பேச்சிமுத்து ஏணியோடு வந்து நின்றான். "அக்கா, பின்பக்கச் சுவரு முடிஞ்சிருச்சு. அடுத்து வாசப்பக்கந்தான்."

இனித் தள்ள முடியாது. ஏணியை நட்சத்திரத்துக்கு நேராகச் சாத்தினான். பியூலா சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஞானசெல்வி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, பேச்சிமுத்து பிடித்திருந்தான். ஆதித்தன் கடை வாசல்வரை வந்து, கையில் ஒரு பிடி ஏலக்காயோடு தெருவைப் பார்த்து நின்றார்.

அவிழாதே, அவிழாதே என்று ஞானசெல்வியின் மனசு அடித்துக்கொண்டது. மூன்று வருஷமாக இந்த வீட்டில் மகளுக்கு ஒரு பாக்கி வேலை இருந்தது. அந்த ஒன்றைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட முடிந்தது. அதையும் முடித்துவிட்டுப் போனால் பிறகு எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

பியூலா முடிச்சில் கை வைத்தபடி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"இறுகிருச்சாத்தா? கத்தி தரவா?" என்றான் பேச்சிமுத்து.

"வேணாம்ணே. அம்மா, சணல் இருந்தாக் கொண்டா."

இறக்குவதற்குக் கேட்கிறாள் என்று ஞானசெல்வி நினைத்தாள். மூட்டை தைக்கிற சணலை எடுத்துக் கொடுத்தாள். மேலே பார்க்க மனசு வராமல் ஏணிக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பியூலா இறங்கி வந்தபோது கை காலியாக இருந்தது. நட்சத்திரம் மேலேயே தொங்கியது. பழைய முடிச்சுக்கு மேல் புதுச் சணலில் இன்னொரு முடிச்சு விழுந்திருந்தது.

"என்னத்தா பண்ணிட்டு வந்த?"

"நைஞ்சு போச்சும்மா, அதான் சேத்துக் கட்டிட்டேன்." பியூலாவின் குரல் தடுமாறியது. "அவுத்துட்டா அதுக்கப்புறம் அப்பா என்னைய எதுக்கு வரச் சொல்லுவாரு?"

கடை வாசலில் நின்றவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் திரும்பவில்லை. தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தது. பியூலா பையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "வர்றேன்ப்பா" என்றாள். ஆதித்தன் கையிலிருந்த ஏலக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்துபோனாள்.

பேச்சிமுத்து ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு வந்து முகப்புக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பிரஷ்ஷைப் பிடித்தபடி ஏணி மேலிருந்து, "மொதலாளி, இதை என்ன செய்ய? வெட்டி எறக்கிரவா?" என்றான்.

ஞானசெல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆதித்தன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். புது முடிச்சை வெகுநேரம் பார்த்தார். "கை வைக்காத" என்றார். "அதைச் சுத்தி அடி. மேல ஒரு சொட்டு விழக் கூடாது, சொல்லிட்டேன்."

"வெளுத்துப் போய்க் கெடக்கு மொதலாளி. பொண்ணு வீட்டுக்காரவுக வந்து கேட்டா?"

"எம் மக கட்டினதுன்னு சொல்லுவேன். ஒன் சோலியைப் பாரு."

மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து மக என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். ஞானசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. மாடிக்குப் போகவில்லை, வாசலிலேயே நின்று போன் போட்டாள். இந்த ஒரு வார்த்தையை இப்பவே அவளிடம் சொல்லியாக வேண்டும். மணி அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஜீப்பு மெட்டு ரோட்டில் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருக்கும், அங்கே டவர் கிடைக்காது. மறுபடி போட்டாள். அதே குரல்தான்.

"கெடைச்சுதா?" என்று கேட்டார் ஆதித்தன்.

"இல்லைங்க."

அவர் படியில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திரும்பப் போடு" என்றார்.